கண்ணாடித் தொட்டியில் கூடி வாழும் மீன்கள்



வீட்டில் சிக்லிட் இன வண்ண மீன்களை வளர்க்க விழையும் நாம் முதலில் நோக்க வேண்டுவது மீனின் அழகன்று. நம் கிணற்று நீரின் குணமே. பருப்பு எளிதில் வேகாத, சோப்பு நுரைக்காத கடின நீரில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் நன்கு வாழும். அவை பாறை இடுக்குகளுக்காக ஓயாது போரிடுபவை. ஆகையால் கற்களை அடுக்கி, ஒளிவிடங்கள் பல அமைத்தல் வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண் மீன்கள் என விடுதல் முறை. ஒரே நிற ஆண்கள் இரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்று மடியும்.

தென் அமெரிக்க ஏஞ்சல் மீனோ மென்னீரை விரும்புவது; சாதுவானது. மலாவி மீன்களோடு அதனைச் சேர்த்தல் ஆகாது. ஆயினும் நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களை அதுவே விழுங்கிவிடும்! அடித்தரையில் மேயும் கோரிடோரஸ் கெளுத்தி அதற்கேற்ற துணை. ஆஸ்கார் மீன் கடையில் விரல் நீளமே இருக்கும். பின்னர் ஓரடி வளரும். சிறு தொட்டியுடையோர் அதனை நாடாதிருத்தல் நலம்.

மிகுந்த மீன்களை ஊர் ஏரியில் விடுவதை ஊராட்சிகள் தடுத்தல் வேண்டும். நாம் ஜிலேபி என்றழைக்கும் திலேப்பியாவும் சிக்லிட் இனமே. 1952-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட அது, குளங்களில் பெருகி நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலோ, வேறு வளர்ப்போரிடமோ கொடுத்துவிடலாம்.