காய்ந்த மரமும் கைக்கருவியும்



விளையாட்டுக் கருவி என்றதும் இல்லந்தோறும் இருவகைப் பேச்சு எழுகின்றது. ‘காலத்தைக் கெடுக்கும் பொருள்’ என்பர் முதியோர். ‘இது பழைய மாதிரி, புதியது வந்துவிட்டது’ என்பர் பிள்ளைகள். கருவியைச் செய்தவர் என்ன எண்ணிச் செய்தார் என்று இருவருமே கேட்பதில்லை. அவ்வாறு கேட்டறியத் தக்கவருள் ஒருவர் ஜப்பானியராகிய குன்பே யோகோய்.

கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு பூக்கள் வரைந்த ஆட்டச் சீட்டுகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. மின்னணுவியல் பயின்ற யோகோய் 1965இல் அங்குச் சேர்ந்தார். சீட்டு செய்யும் எந்திரங்களைப் பேணுவதே அவர் பணி. ஓய்வு நேரத்தில், நீண்டு சென்று பொருளைப் பற்றும் கை ஒன்றை வேடிக்கையாகச் செய்து வைத்திருந்தார். அது நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமௌச்சியின் கண்ணில் பட்டுவிட்டது. கண்டிக்கப்பட வேண்டிய இடம்! தலைவரோ அதனையே விற்பனைப் பொருளாக்கப் பணித்தார். 1966இல் வெளிவந்த அந்த விளையாட்டுக் கை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பின்னொரு நாள் அதிவேக ரயிலில், பொழுது போகாத பயணி ஒருவர் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார். கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் திரவப் படிகத் திரையின் விலை அக்காலத்தில் வீழ்ந்திருந்தது. கணக்குக்கென அமைந்த அத்திரையே விளையாட்டுக்கு ஆகி, கடிகாரமும் சேர்ந்து, 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் கையடக்கக் கருவியாயிற்று.

தம் முறையை விளக்க யோகோய் ஆண்ட ஜப்பானியச் சொல்லுக்கு ‘உலர்ந்த தொழில்நுட்பம்’ என்று பொருள். உலர்ந்தது என்றால் உதவாதது அன்று. பலர் கையாண்டு, குறைகள் தெரிந்து, விலையும் இறங்கி நிற்பது. அதனை யாரும் எண்ணாத வேறொரு பயனுக்குத் திருப்புவதே அவர் வழி. நம் ஊர்த் தச்சரும் கதவு செய்யக் காய்ந்த மரத்தையே தேடுவார். பச்சை மரம் பின்னர் முறுக்கிக்கொள்ளும் என்பது அவர் அறிந்தது.

1989இல் அவர் குழு ‘கேம் பாய்’ கருவியை வெளியிட்டது. வண்ணம் இல்லை, பச்சை படர்ந்த மங்கிய திரை, உள்ளிருந்து ஒளியும் இல்லை. அதே ஆண்டு அட்டாரியின் ‘லிங்ஸ்’, மறு ஆண்டு சேகாவின் ‘கேம் கியர்’ ஆகியவை வண்ணத் திரையுடன் வந்தன. கடையில் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் வண்ணத்தையே கேட்கும். ஆனால் அவற்றுக்கு ஆறு மின்கலங்கள் வேண்டும். அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய் நான்கே மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் இயங்கியது. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 90 டாலர்; லிங்ஸ் ஏறத்தாழ 180 டாலர். மின்கலம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரின் கணக்கு பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத கணக்கு. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் 1984இல் படைத்த ‘டெட்ரிஸ்’ அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே தரப்பட்டது. விழும் கட்டைகளை அடுக்கும் அவ்விளையாட்டுக்கு வண்ணம் எதற்கு? கேம் பாய், அதன் பின்வந்த வண்ணக் கருவி இரண்டும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

எனினும் அம்முறை எப்போதும் கைகொடுத்ததாகக் கூறுவது நேர்மையாகாது. 1995இல் யோகோய் அமைத்த ‘வர்ச்சுவல் பாய்’ மலிவான செந்நிற ஒளிக்கூறுகளால் முப்பரிமாணக் காட்சி தர முயன்றது. அதனைக் கண்ணோடு பொருத்திப் பார்த்தவர்கள் தலை வலிக்கிறது என்றனர். ஓராண்டளவில் அது சந்தையை விட்டு மறைந்தது. 1996இல் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகித் தனியே ஒரு சிறு நிறுவனம் கண்டார்.

அங்கே அவர் பண்டாய் நிறுவனத்துக்காக ‘வொண்டர்ஸ்வான்’ என்னும் கருவியை வகுத்தார். மீண்டும் வண்ணமற்ற திரை. இம்முறை ஒரே ஒரு மின்கலம். 1997 அக்டோபரில் சாலை விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். 1999இல் கருவி கடைகளுக்கு வந்தது. அதனுடன் வெளிவந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்கு ‘குன்பே’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.