மலை ஏறும்போது நெஞ்சு இறுகினால்

(தோட்டத்துச் சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



எனது சொந்த ஊர் கிண்ணியா. கடலோர ஊர், இங்கே மாதிரி ஏற்றம் இறக்கம் இல்லை. எங்கட வாப்பா எங்கே போனாலும் சைக்கிள்தான். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதில் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது அவருக்கு நெஞ்சு இறுகும். இறங்கி நின்றால் சரியாகிவிடும். வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. நடக்கவைத்துப் பார்க்க வேணும் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். "மெஷினில் கரண்ட் அடிப்பாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாப்பா இரண்டு மாதம் போகவே இல்லை. அதே பயத்தில் எங்கள் லயத்திலும் ஒரு அக்கா துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாங்க. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

கொழுந்து லொறி நிற்கும்போது இஞ்சினில் குறை தெரியாது. லோடோடு மலை ஏறும்போதுதான் தெரியும். இருதயமும் அப்படித்தான். குழாய் ஒடுங்கியிருந்தாலும் சும்மா இருக்கும்போது இரத்தம் போதும். வேலை கூடினால் போதாது.

சோதனையில் கத்தி இல்லை, வெட்டு இல்லை. நெஞ்சிலும் உடம்பிலும் பத்து வில்லைகள் ஒட்டுவார்கள். அவை கரண்ட் கொடுப்பதில்லை. இருதயத்தில் இயல்பாக உண்டாகும் சின்ன மின்சாரத்தை எடுத்துக் கோடாகக் காட்டும். கையில் பிரஷர் பட்டி கட்டுவார்கள். பிறகு ஓடும் பட்டியில் நடக்க வேணும். அமெரிக்க டொக்டர் ரொபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறைதான் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதல் கட்டம் மெதுவான நடைதான். ஆனால் நூறு அடிக்குப் பத்து அடி ஏற்றம். உங்களுக்கு அது புதிதா?

220இல் வயதைக் கழித்தால் வருவது நாடித்துடிப்பின் உச்சக் கணக்கு. அதில் 85 வீதம் வரை பார்ப்பார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு ஏறக்குறைய 145. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே வாய் திறந்து சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்கள். வெட்கப்பட்டுப் பொறுத்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

சிலருக்கு ஸ்கேனும் எடுப்பார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே மாதிரி ஸ்கேன்தான். நடந்தவுடன் இருதயச் சுவர் எப்படிச் சுருங்குது என்று அதில் தெரியும்.

போகும்போது குடிக்கிற குளிசை எல்லாம் கொண்டுபோங்கள். டொக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுப் போகக் கூடாது. சோதனை நல்லதாக வந்தாலும், பிறகு நெஞ்சு இறுகினால் திரும்பவும் காட்டத்தான் வேணும்.

இன்னொன்று. உட்கார்ந்த பிறகும் வலி விடவில்லை, வியர்த்துக் கொட்டுது என்றால் அது சோதனைக்குப் போகிற நேரம் இல்லை. உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வாப்பா கடைசியில் போனார். ஆறாவது நிமிடத்தில் கோடு மாறியது, நிறுத்தினார்கள். அடைப்புக்கு வைத்தியம் நடந்தது. இப்போது பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறவர் அவர்தான்.

ஒரு நாள் பேர் போய்விடும் என்று யோசிக்காதீங்க. துரையிடம் லீவு பேச நான் இருக்கிறேன். பெட்டிக்குள் இருக்கிற துண்டை நாளைக் காலையில் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவாங்க.