ஓர் உடலில் இரு நோய்கள்



1954ஆம் ஆண்டில் சென்னை நகரில் இரண்டு மருத்துவமனைகள் தோன்றின. தெற்கே அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால் எழுந்தது புற்றுநோய் மருத்துவமனை. வடக்கே இராயபுரத்தில், பேராசிரியர் எம். விசுவநாதன் அவர்கள் நிறுவியது நீரிழிவு மருத்துவமனை. நோய்களுக்கு இப்படித் தனித்தனி இல்லங்கள் அமைத்துவிடலாம். ஆனால் அவ்விரண்டு நோய்களும் ஒரே மனிதரைப் பற்றிக்கொண்டால் என்ன செய்வது?

எங்கள் திருவண்ணாமலையில் என்னுடன் பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு அவ்வாறுதான் நேர்ந்தது. ஓய்வு பெற்றபின் பௌர்ணமிதோறும் இருவரும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோம். இருபது ஆண்டுகளாக நீரிழிவுள்ளவர். சென்ற ஆண்டு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. "பெரிய நோயே வந்துவிட்டது, இனிச் சர்க்கரையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மருத்துவரிடமோ, தவறாமல் உண்பதாகக் கூறிவிட்டார். இரண்டாம் முறை மருந்து ஏற்றியபின் சர்க்கரை 400ஐத் தாண்டிற்று. அடுத்த சிகிச்சையும் தள்ளிப்போயிற்று. அப்போதுதான் என்னிடம் கேட்டார்: "சார், இந்தச் சர்க்கரை என் ஆயுளைக் குறைத்துவிடுமா?"

எளிய கேள்விதான், விடை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 1,677 நுரையீரல் புற்று நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் எழுதினர். அவர்களுள் நீரிழிவுள்ளோர் 77 பேர். ஓராண்டு கடந்து வாழ்ந்தோர், நீரிழிவுள்ளோரில் நூற்றுக்கு 43, இல்லாதோரில் 28. வியப்பாக இல்லையா? ஆனால் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதற்கு மாறாக, நீரிழிவுள்ளோரின் ஆயுளே குறுகுவதாகக் கண்டனர்.

கண்ணாடி அணிந்த மாணவர் மிகுந்த மதிப்பெண் பெறுகின்றனர் என்று ஒருவர் கணக்கெடுத்துக் காட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். கண்ணாடியா அறிவைத் தந்தது? கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கித் தரும் வீட்டில் படிப்பிலும் கருத்திருக்கும். அதுபோலவே, அடிக்கடி மருத்துவரிடம் செல்லும் நீரிழிவுக்காரருக்குப் புற்று முன்னதாகவே தென்பட்டிருக்கலாம். உடல் எடையும் வேறாக இருந்திருக்கலாம். மேலும், 77 என்பது சிறிய தொகை.

நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையே புற்றை அடக்குகிறதோ என்றும் சிலர் ஐயுற்றனர். வெறும் ஐயத்தோடு நில்லாமல், நீரிழிவில்லாத நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு, மருந்தும் கதிர்வீச்சும் அளிக்கையில் இதனையும் கொடுத்துச் சோதித்தனர். இரு சோதனைகளின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஒன்றில் தீங்கே மிகுந்தது. நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தும் இந்தத் துணிவைத்தான் நான் வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் கற்பிக்க முயன்றேன். எவ்வளவு கற்பித்தேனோ, தெரியாது.

ஆகவே, நீரிழிவு ஆயுளை இத்தனை மாதம் குறைக்கும் என்று நண்பருக்கு என்னால் எண்ணிச் சொல்ல இயலவில்லை. ஆனால் அது சிகிச்சைக்கு எவ்வாறு இடையூறாகிறது என்பது தெளிவாகவே தெரிந்த செய்தி. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்கள் கிருமிகளோடு போரிடும் ஆற்றலை இழக்கின்றன. புற்று மருந்துகளோ அந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையையே குறைக்கின்றன. அறுவை செய்த புண் ஆறத் தாமதமாகிறது. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கவல்லது. நீரிழிவு நெடுநாளாக அரித்து வருவதும் அவ்விரண்டையே. வாந்தியைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையைத் திடீரென உயர்த்திவிடும். என் நண்பருக்கு நேர்ந்தது அதுவே. மாறாக, வாய் கசந்து உணவு செல்லாத நாளில் வழக்கமான அளவு மாத்திரையை உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும். நிறுத்துவதும் ஆபத்து, பழைய அளவையே தொடர்வதும் ஆபத்து. நாளுக்கு நாள் அளந்து, மருத்துவர் சொற்படி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவுள்ளோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். ஆதலால் புற்றுநோய் மருத்துவமனை வாயிலில் காத்திருப்போரிடையே நீரிழிவுக்காரர் இருப்பது அரிய செய்தியன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டும் வேலை நாளை உங்களுக்கே வரலாம்.

நண்பரிடம் எனக்குத் தெரிந்தவரையில் எல்லாவற்றையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, மாத்திரையை நிறுத்திய செய்தியை மருத்துவரிடம் தாமே கூறினார். இப்போது ஒரு கட்டக் குறிப்பேட்டில் காலையும் மாலையும் சர்க்கரை அளவைக் குறித்து வருகிறார். ஓவியர் அல்லவா, எண்களை எழுதுவதோடு நில்லாமல் கோடாகவும் வரைகிறார். மருந்து ஏற்றிய நாட்களில் அக்கோடு ஓங்கி எழுகிறது. "நம் மலையைப் போலவே இல்லையா, சார்?" என்று சென்ற வாரம் என்னிடம் காட்டினார். வருகின்ற வியாழக்கிழமை மறுபடியும் மருந்து ஏற்றும் நாள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் இருவரும் புறப்படுகிறோம்.