நடை பழக்கும் ரோபோ

வீ.கே.புதூரிலிருந்து கிளம்பி செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரம் பொது மருத்துவமனைக்கு 2024இல் ‘ஜி-கெய்ட்டர்’ வந்தது. பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்கும் ரோபோ.

செய்தது யார் தெரியுமா? மனிதர் இறங்காமலே பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ‘பேண்டிகூட்’ ரோபோவைத் தந்த அதே ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம்!

நோயாளியின் எடையில் ஒரு பங்கை மேலிருந்து பட்டைகள் தாங்கிக்கொள்ளும். இயந்திரக் கால்கள் அவர் கால்களைப் பிடித்து, சீராக எட்டு வைக்கச் செய்யும். பிசியோதெரபிஸ்ட் குனிந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். ரோபோவுக்கு அலுப்பே கிடையாது. நடக்க நடக்க, மூளையின் பழுதாகாத பகுதிகள் பழுதான பகுதிகளின் வேலையைப் பழகிக்கொள்ளும்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், நடக்கவே முடியாதவருக்கு, வழக்கமான பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பலன் அதிகம் என்கின்றன ஆய்வுகள்.

நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில்? 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடியே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.