பரிசிலும் ஊதியமும்

 

புறநானூற்றில் 'பரிசில் கடாநிலை' என்றொரு துறை உண்டு. வள்ளலிடம் புலவன் தன் வறுமையை எடுத்துரைத்துப் பரிசில் வேண்டி நிற்பது அது. குமணனிடம் சென்ற பெருந்தலைச் சாத்தனார், சமையலை மறந்த தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதைச் சொல்கிறார். பாடும் தொழில் அவர் கையில் இருந்தது; பயன் எப்போது வரும் என்பதே தெரியவில்லை. வேலை இல்லாமையால் வரும் வறுமை ஒன்று. நாளை வேலை உண்டா என்று அறிய இயலாமையால் வரும் வறுமை மற்றொன்று. பின்னதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் மெப்ஸ் வளாகம் அமைந்தது. ஒரகடமும் திருப்பெரும்புதூரும் பின்னர் வளர்ந்தன. தொழிற்சாலை வேலை நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆயினும், ஒரே கூரையின்கீழ் ஒருவர் நிறுவனத்தின் தொழிலாளியாகவும், அருகில் நிற்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாகவும் இருக்கும் நிலை இன்று இயல்பாகிவிட்டது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிசெய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அந்த எண்ணிக்கை நிறைவதற்குள் பணியை முறித்து, அவரையே புதியவராகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் சுட்டி வருகின்றன.

இங்கிலாந்தில் 'சுழிய நேர ஒப்பந்தம்' என்ற முறை பரவியது. அழைத்தால் வேலை, அழைக்காவிடில் ஊதியமில்லை. ஈடு ஏதும் தராமல் தொழிலாளியைக் காத்திருக்கச் செய்வதை நியூசிலாந்து 2016இல் சட்டத்தால் தடுத்தது. நம் தெருக்களில் உணவுப் பையைச் சுமந்து, கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கும் இளைஞரின் நிலையும் அதுவே. காத்திருக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. அவருக்கு இடப்பட்ட பெயரோ 'கூட்டாளி'! 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகையோருக்கு இலக்கணம் வகுத்தது. ஆனால், வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே வகுத்தது.

கற்றோர் உலகமும் விதிவிலக்கன்று. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதங்களுக்கே தொகுப்பூதியம் என்பது வழக்கமாக இருந்து வந்துள்ளது. பெயரில் கௌரவம் உண்டு. பன்னிரண்டாம் மாதத்தில் அடுப்பு எரிவதற்கு அது உதவாது.

அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமல் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். வறுமையிலும் அவர் கேட்டது, தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து தருவதையே. இன்றைய தொழிலாளிக்கு மறுக்கப்படுவதும் அதுதான். அவருடைய உழைப்பைப் பெறுகிறவர், 'இவர் என் தொழிலாளி' என்று சொல்ல முன்வருவதில்லை.

இணையவழித் தொழிலாளருக்கு நலவாரியம் அமைக்கப்படும் என 2023ஆம் ஆண்டு விடுதலை நாளில் தமிழக முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். ஆயினும் நலத்திட்டம் பரிசில் போன்றது. தருபவரின் மனத்தைப் பொறுத்தது. ஊதியம் உரிமை. எழுத்து வடிவில் பணி ஆணை, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பணிநேரம், பொறுப்பேற்கும் முதலாளியின் பெயர் ஆகிய மூன்றும் உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். புலவர்கள் பரிசிலுக்குக் காத்திருந்த காலத்தைப் பாடமாக நடத்துகிறோம். நம் பிள்ளைகள் ஊதியத்திற்காக அவ்வாறு காத்திருக்கலாகாது.