ஒரு குழியின் நாற்றுகள்

1956 நவம்பர் 1-ஆம் நாள் நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனை அடுத்த விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இவ்வெல்லை ஒரு பொருட்டன்று. இருபுறத்தும் பாகலைக் குழிக்கு நாலைந்து விதையாகவே ஊன்றுகின்றனர்.

ஒன்று தவறினால் மற்றொன்று இருக்கட்டும் என்பது மட்டுமன்று இதன் காரணம். மழையடித்துக் காய்ந்து இறுகிய மேல்மண்ணைப் பிளக்க ஒற்றை முளை திணறும். பல முளைகள் ஒருங்கே முட்டினால் மண் வழிவிடும். வெளிவந்தபின் நிலைமை மாறுகிறது. பச்சிலை சிவப்பொளியை உட்கொண்டு, சிவப்பின் கடைக்கோடியில் உள்ள ஒளியைச் சிதறவிடுகிறது. அண்டை நாற்று அதனை உணர்ந்து, தன்மேல் நிழல் விழுமுன்பே தண்டை நீட்டத் தொடங்குகிறது. வேருக்குச் சேர வேண்டிய ஊட்டம் உயரத்திற்குச் செலவாகிறது. இவ்வொளியை உணரும் நிறமியை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் 1959-இல் கண்டறிந்தனர்.

ஆகவே இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாற்றுகளை நிறுத்தி மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். முளைத்ததைப் பிடுங்க நமக்கு மனம் வருவதில்லை. பிடுங்கவும் வேண்டா, பின்னிய வேர்கள் அறுந்துபோம். மும்பையிலும் தில்லியிலும் மாடத்துத் தொட்டியில் பாகல் வளர்க்கும் நேயர்கள் தரையை ஒட்டிக் கத்தரித்துவிடலாம்.