கரிய மணலும் தொழிலாளியின் சரீரமும்



இன்று ஏப்ரல் 28. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2003 முதல் இத்தினத்தை வேலைத்தலப் பாதுகாப்புக்குரிய தினமாக அனுசரித்து வருகிறது. அதற்கு முன்பிருந்தே பல தேசங்களின் தொழிற்சங்கங்கள், வேலை செய்த இடத்தில் மாண்டவர்களையும் அங்கஹீனமானவர்களையும் நினைவுகூரும் நாளாக இதைப் போற்றி வந்திருக்கின்றன. கவிதையும் கதையும் பேசும் மேடையில் டிப்பரையும் பெல்ட்டையும் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். மனிதனுடைய சரீரமும் அவனுடைய துக்கமும் இலக்கியத்துக்கு அந்நியமான விஷயங்களல்ல என்று நம்புகிறவன் நான். ஆகவே இந்த அழைப்பை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன்.

கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்திலிருந்து தெற்கு நோக்கி நீளும் நமது கடற்கரை, உலகத்தின் கனிய மணற்படிவுகளில் மிகச் செறிவானவற்றுள் ஒன்று என்பது பூகர்ப்ப சாஸ்திரிகளின் துணிபு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலைக் கரையில் ஏற்றுவதும், திரும்பும் நீர் இலேசான மணிகளை இழுத்துச் சென்று கனமான மணிகளைக் கரையிலேயே விட்டுவிடுவதுமாக, யுகயுகாந்தரமாகக் கடல் செய்துவரும் இந்தப் புடைப்பு வேலையின் பலனாகவே இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் மொனசைட்டும் இங்கே கருமையாகக் குவிந்து கிடக்கின்றன. 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் கனிய மணலுக்கெனத் தோன்றிய கூட்டுத்தாபனம் பிற்காலத்தில் கம்பனியாக மாறியது. ஊர் வாயில் அது இன்றும் இல்மனைட் கூட்டுத்தாபனந்தான். சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயத்துக்கும், வெல்டிங் கம்பியின் மேற்பூச்சுக்கும், குளியலறை ஓட்டின் பளபளப்புக்கும் மூலப்பொருளாக இந்த மணல் கப்பலேறிப் போகிறது. 1997 செப்டம்பரில் இதே கரைக்கு அப்பால் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் யுத்தத்துக்குப் பலியானதையும், 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்ததையும் பார்த்த ஊர் இது. பெருந்துயரங்களைச் சகித்துப் பழகிய ஜனங்களுக்கு, ஒரு மனிதனின் நசுங்கிய கால் சிறிய விஷயமாகத் தோன்றிவிடும் அபாயம் உண்டு. அந்தக் கால் எந்த வீட்டுக்குச் சொந்தமோ, அந்த வீட்டுக்கு அது சிறிய விஷயமன்று.

இந்த மணலுக்கு எந்தக் குணங்கள் விலையைத் தருகின்றனவோ, அதே குணங்கள்தாம் அதைத் தொடுகிறவனுக்கு ஆபத்தையும் தருகின்றன என்பது நான் இன்று சொல்ல விரும்பும் முதற் செய்தி. அதன் பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆற்று மணலின் மணி தண்ணீரைப்போல ஏறத்தாழ 2.65 மடங்கு கனமுடையது. இல்மனைட் மணியோ 4.7 மடங்கு. ஒரு சவளில் ஐந்து கிலோ ஆற்று மணல் அள்ளுகிறவன், அதே சவள் நிறைய இல்மனைட்டை அள்ளினால் ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்குகிறான். கண்ணுக்கு அளவு ஒன்றுதான், முதுகெலும்புக்கு அது ஒன்றன்று. நாற்பது வயதில் குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாத மனிதரைப் பார்த்து, "வயது போய்விட்டது" என்கிறோம். போனது வயதா, அவர் வாரிக் கொட்டிய மணலின் கணக்கா என்று எவரும் விசாரிப்பதில்லை. டிப்பர் லொறிக்கும் இதே நியாயம். ஆற்று மணல் ஏற்றிப் பழகிய கண் பெட்டியின் விளிம்புவரை நிரப்பச் சொல்லும். அவ்வாறு நிரப்பிய வண்டியோ, தான் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பாரத்தை எப்போதோ தாண்டியிருக்கும். அதனால் பிரேக் பிடித்த இடத்தில் நிற்காது. பொதுபொதுத்த கடற்கரை நிலத்தில் பெட்டியை உயர்த்தும்போது ஒரு பக்கத்துச் சில்லு நாலு விரற்கடை புதைந்தாலே சாய்ந்துவிடும்.

இரண்டாவது, இந்த மணல் நிற்கிற விதம். காய்ந்த மணல் நேர்மையானது. குவித்தால் முப்பது, முப்பத்தைந்து பாகைச் சரிவில் தானாகவே அடங்கிவிடும். ஈர மணல் அப்படியன்று. மணிகளுக்கிடையே தங்கிய நீர் அவற்றைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்க, பெக்கோ இயந்திரம் வெட்டிய முகம் சுவர்போல நெட்டுக்குத்தாக நிற்கும். காலையில் அதன் அடியில் நின்று வேலை செய்தவன், பகல் வெயிலில் அந்த ஈரம் உலர்ந்துகொண்டே வருவதைக் காணமாட்டான். பாறை விழுமுன் சில சமயம் சத்தம் தரும். மணல் சத்தமே தராமல் விழும். இடுப்புக்கு மேல் மூடுண்டவன் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும், அவன் மார்பு சுருங்கிய இடத்தை மணல் நிரப்பிக்கொள்கிறது. அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடமில்லை. இங்கே முந்நூறு அடிக் குழிகள் இல்லையே என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. ஒரு மனிதனை மூட ஆறடி உயரம் போதும்.

ஆழமான குழிகள் உள்ள இடங்களின் கதை இன்னும் கொடியது. 2022 மே 14ஆம் தேதி இரவு, திருநெல்வேலிக்கு அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பெரும்பாறைகள் சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள், நால்வர் மாண்டனர். 2016 டிசம்பர் 29ஆம் தேதி ஜார்க்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில், நிலக்கரிக்காக வெட்டிக் குவித்த மேல்மண் சரிந்து 23 தொழிலாளர்களை மூடியது. 2019 ஜனவரி 25ஆம் தேதி பிரேசிலின் புருமாடினோவில் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் கழிவணை உடைந்து 270 உயிர்களைக் கொண்டுபோனபோது, அந்தச் சேற்று வெள்ளத்தின் பாதையிலேயே தொழிலாளரின் உணவுச்சாலை இருந்தது. நேரமோ மதிய உணவு வேளை. அணை எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்திருந்தால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும் அபாயம் அது. இவற்றை நினைக்கும்தோறும் என் மனம் கொதிக்கிறது.

ஆயினும் உலகெங்கும் திறந்தவெளிச் சுரங்கங்களில் மனிதரைக் கொல்வனவற்றுள், ஓடும் வாகனத்துக்கு மிக முக்கியமான இடமுண்டு. நாளாந்தம் நடக்கும் காரியமாகையால் அது பயத்தை உண்டாக்குவதில்லை. பின்னோக்கி வரும் டிப்பரின் சாரதியால், தன் வண்டிக்கு நேர் பின்னே நிற்கும் ஆளை எந்தக் கண்ணாடியிலும் பார்க்க முடியாது. சாரதியை எவ்வளவு திட்டினாலும் அவனுடைய கண்கள் இரும்பைத் துளைத்துப் பார்க்கப் போவதில்லை. பின்னோக்கிச் செல்லவே தேவையில்லாதபடி வண்டிகள் ஒரு வழியால் புகுந்து மறு வழியால் வெளியேறுமாறு பாதை அமைப்பது முதல் உபாயம். முடியாத இடத்தில், கொடி பிடித்த ஒருவர் சாரதியின் கண்ணுக்குத் தெரிய நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். மணல் கொட்டும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகலாகாது. உயர்த்திய பெட்டிக்குக் கீழே முட்டுக்கட்டை வைக்காமல் எவரும் தலை நீட்டலாகாது.

இனி ஆலைக்குள் வருவோம். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வாற்புற உருளையில் ஈர மணல் அப்பிக்கொள்கிறது, பெல்ட் ஒரு பக்கமாக விலகத் தொடங்குகிறது. நிறுத்தினால் உற்பத்தி நிற்கும், மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார். ஆகவே ஒரு தம்பி தகட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடும் உருளையைச் சுரண்டுகிறான். நூறு தடவை ஒன்றும் நடவாது. நூற்றோராவது தடவை சட்டைக் கையோ சாரத்தின் நுனியோ பெல்ட்டுக்கும் உருளைக்கும் இடையே அகப்பட, கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளை நினைத்து முடிக்குமுன் முழங்கைவரை உள்ளே போய்விடும். இதற்குப் பரிகாரம் ஒரு சிறிய பூட்டு. இயந்திரத்தைத் துப்புரவு செய்யப் போகிறவன் மின்சார ஆளியை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள். மூன்றாமவன் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை முகாமையாளரே வந்து கட்டளையிட்டாலும் இயந்திரம் அசையாது. ஒரு மனிதனுடைய ஜீவன் வேறொருவனுடைய ஞாபகசக்தியில் தொங்கலாகாது என்பதே இந்த ஏற்பாட்டின் தாத்பரியம். உயர் மின்னழுத்தத்தால் ரூட்டைலையும் சிர்க்கோனையும் பிரிக்கும் இயந்திரங்களுக்கு இது இன்னும் அவசியம். பல்லாயிரம் வோல்ட் பாய்ந்த பாகங்களில், ஆளியை அணைத்த பின்னரும் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். நிலத்தோடு இணைத்து அதை வடித்த பின்பே கை வைக்க வேண்டும்.

அடுத்து, மூச்சோடு உள்ளே போகும் தூசியின் ஆபத்துக்கு வருவோம். கலை விமர்சகராகவே நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள், தம் இளமையில் இலங்கையின் கனிய ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கிய பூகர்ப்ப விஞ்ஞானி. 1904இல் தோரியனைட் என்ற கனியத்தை உலகம் அறிந்தது அவருடைய ஆராய்ச்சியின் வழியாக. அதிலுள்ள, கதிர்வீசும் தோரியம் என்ற மூலகம் நமது மொனசைட்டிலும் இருக்கிறது. கரையில் பரவிக் கிடக்கும்போது அதைப் பார்த்துப் பீதி கொள்ளக் காரணமில்லை. பிரித்துச் செறிவாக்கிய இடத்திலோ, அதன் தூசியைச் சுவாசிக்கிற நெஞ்சிலோ, விஷயம் வேறு. உலர்த்தும் பகுதியின் தூசியில் படிகக்கல் துகளும் கலந்திருக்கும். அது நுரையீரலில் தங்கிச் செய்யும் கேடு, ஆள் வேலையை விட்டுப் பல வருஷங்களுக்குப் பின்னரும் வெளிப்படலாம். 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக் கேட்குமாறு சக வைத்தியர்களை வேண்டினார். முந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் இருமலோடு வரும் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது? வைத்தியர் கேட்கவில்லையானால் நீங்களாகச் சொல்லுங்கள், அன்பர்களே.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒருவன் விழுந்தவுடன் நாம் சொல்லும் வார்த்தைகள் இவைதாம்: ஒருவர் "தலைவிதி" என்பார், மற்றொருவர் "நஸீபு" என்பார், சற்றுப் பொறுத்து இருவரும் சேர்ந்து "அவன் கவனமில்லாதவன்" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனை நம்பும்படி நபிகள் நாயகம் அவர்கள் போதித்ததை இந்த ஊரில் அறியாத பிள்ளையில்லை. கட்டாத ஒட்டகத்துக்காக நஸீபைக் குறை சொல்வது பக்தியாகாது. கவனமின்மை என்ற பழியோ இன்னும் அநீதியானது. எட்டு மணி நேரமும் இமை கொட்டாமல் கவனமாயிருக்க எந்த மனிதனாலும் இயலாது. அவன் ஒரு கணம் அயர்ந்தாலும் உயிர் தப்பும்படி இயந்திரத்துக்கு மறைப்பும், பாதைக்கு ஒழுங்கும், மணல் முகத்துக்குச் சரிவும் அமைப்பதற்குத்தான் நிர்வாகமும் பொறியியலும் இருக்கின்றன. தலைக்கவசம் அவசியந்தான், ஆனால் அது கடைசிக் காவல்.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், மரணத்தை உண்டாக்கும் விபத்தையும், ஒரு தொழிலாளியை மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் செய்யும் விபத்தையும் அறிவிக்கும்படி விதிக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையில் காயமுற்றவன் எசமானின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நியாயத்தின் மேல் எழுந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அது நிழல் தருகிறது. இந்த இரண்டு சட்டங்களையும் உங்கள் தொழிற்சங்கங்கள் வரிக்கு வரி படித்து அறிந்திருக்க வேண்டும். எனக்குள்ள கவலை மூன்று நாளுக்கு உட்பட்ட காயங்களைப் பற்றியது. இரண்டு நாள் வீங்கிய விரல், சாரத்தைக் கிழித்துக்கொண்டு போன பெல்ட், ஒரு சாண் தூரத்தில் நின்ற டிப்பர், ஆள் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது சரிந்த மணல் முகம்: இவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை, "அல்லாஹ் காப்பாற்றினான்", "கடவுள் புண்ணியம்" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். தப்பியதற்கு நன்றி சொல்வது தர்மம். அதை எழுதி வைத்து, அதே இடத்தில் அடுத்தவன் நிற்குமுன் அந்த இடத்தைத் திருத்துவதும் தர்மம்.

நாட்கூலிக்கும் ஒப்பந்தக்காரரின் கீழும் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் கடினம் என்பதை நான் அறிவேன். காயத்தைச் சொன்னால் நாளைக்கு வேலை கிடைக்குமோ என்ற பயத்தில் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நிற்கிற இளைஞனுக்குத் தைரியம் உபதேசிப்பதில் பிரயோஜனமில்லை. சொன்னவனுக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியை முதலில் தர வேண்டியது வேலை கொடுக்கிறவருடைய கடமை. 1995இல் ஜெனீவாவில் நிறைவேறிய சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 13ஆம் உறுப்புரை, கடும் ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணமிருக்கும் இடத்தைவிட்டு விலகிச் செல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்கிறது. தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாங்களே தெரிவு செய்யும் உரிமையையும் அதே உறுப்புரை சொல்கிறது. இவ்விரண்டும் இந்தக் கரையில் ஒவ்வொரு களத்திலும், நிரந்தரத் தொழிலாளி, நாட்கூலி என்ற பேதமின்றி, வழக்கமாக வேண்டும் என்று இச்சபையின் சார்பில் கேட்கிறேன்.

இன்னொரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. இங்கிருந்து குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திருகோணமலைப் பெரிய வைத்தியசாலைக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த பின் அம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த மனிதனின் உயிர் பக்கத்தில் நிற்கிறவனின் கையில்தான் இருக்கிறது. மணலில் புதைந்தவனைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டு கழன்றாலும் மணல் விடாது. சரிந்த முகம் மறுபடி சரியக்கூடும் என்பதால் மேலே ஒருவரைக் காவல் நிறுத்தி, முகத்தையும் மார்பையும் முதலில் விடுவித்து, பின்பு சுற்றிலும் அகழுங்கள். நசுங்கிய அங்கத்தில் இரத்தம் பீறிட்டால் துணியை மடித்து முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். இந்த முதலுதவிப் பயிற்சியை வாசகசாலை மண்டபத்தில் நடத்துவதாக நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களோடு அவர்கள் வீட்டுப் பெண்களும் வர வேண்டுமென்று பிரத்தியேகமாக வேண்டிக்கொள்கிறேன்.

அதோ, வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் கட்டிய ஏடு ஒன்று வைத்திருக்கிறோம். நாள், இடம், செய்துகொண்டிருந்த வேலை, நடந்தது, நடக்கவிருந்து தப்பியது என்று ஐந்து பத்திகள் அதில் உண்டு. பெயர் எழுதும் பத்தியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எழுதப் பழக்கமில்லாதவர்கள் வாயால் சொன்னால் எழுதிக்கொடுக்க இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மாதம் ஒருமுறை அந்த ஏட்டின் பிரதியொன்று தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் போகும். இன்றிரவு மண்டபம் பூட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சென்ற வாரம் தப்பியவர்கள் இங்கே இருந்தால், அவர்களிலிருந்து தொடங்கலாம்.